டிவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மின் கட்டணம் திடீரென ஏறினால் வீட்டில் முதல் பழி டிவி மீதுதான் விழும். கூடத்தின் நடுவில் வெளிச்சமும் சத்தமுமாக இருப்பது அது. குளியலறைச் சுவரில் தொங்கும் வாட்டர் ஹீட்டரும், டிவிக்கு அடியில் இரவெல்லாம் சூடாகவே கிடக்கும் செட்டாப் பாக்ஸும், விடாமல் ஓடும் ஃபிரிட்ஜும் யார் கண்ணிலும் படுவதில்லை. சில வீடுகளில் டிவியே காரணமாக இருப்பதும் உண்டு. எது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஆகவே முதலில் அளக்கும் முறை, அதன்பின் ஒவ்வோர் அறிகுறி.

அளப்பது எப்படி

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி). 100 வாட் டிவி 10 மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். வாட் அதிகமுள்ள சாதனமெல்லாம் அதிக யூனிட் எடுக்கும் என்று நினைப்பது பொதுவான தவறு. 750 வாட் மிக்சி ஐந்து நிமிடம் ஓடினால் 0.06 யூனிட். 10 வாட் வைஃபை ரவுட்டர் நாள் முழுக்க ஓடினால் 0.24 யூனிட், அதாவது மிக்சியைப் போல நான்கு மடங்கு.

சுவரில் உள்ள பிளக் பாயிண்டுக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் சிறிய பிளக் மீட்டர் ஒன்று இருந்தால் வேலை எளிது. அதில் வாட், யூனிட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) மூன்றும் தெரிய வேண்டும். வெறும் ஆம்பியர் மட்டும் காட்டுவது இந்த வேலைக்குப் போதாது. பிளக் மீட்டரின் ஆம்பியர் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியையும் பெரிய வாட்டர் ஹீட்டரையும் அதில் மாட்ட வேண்டாம், உருகிவிடும்.

பிளக் மீட்டர் இல்லையென்றால் வீட்டு மின் மீட்டரே போதும். எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிறு எல்ஈடி விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 1000, 1600, 3200 ஆகியவை அடிக்கடி காணப்படும் எண்கள். செய்ய வேண்டியது இது:

1. ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார், ஹீட்டர் போன்று தானே ஓடி நிற்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜை 20 நிமிடம் அணைத்து வைத்தால் உள்ளிருக்கும் பொருளுக்கு ஒன்றும் ஆகாது; கதவை மட்டும் திறக்காதீர்கள்.
2. டிவி அணைந்திருக்கும்போது 10 மின்னலுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கும் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும், ஒன்று என்று எண்ணக்கூடாது.
3. டிவியைப் போட்டு 10 நிமிடம் விட்டு மறுபடியும் 10 மின்னலுக்கு வினாடி குறியுங்கள்.
4. மீட்டர் எண் 3200 என்றால் 11,250-ஐ வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 என்றால் 22,500. 1000 என்றால் 36,000.

உதாரணமாக 3200 மீட்டரில் டிவி இல்லாமல் 225 வினாடி, டிவியோடு 75 வினாடி ஆனால், முன்னது 50 வாட், பின்னது 150 வாட். டிவியின் பங்கு 100 வாட். கூரையில் சோலார் பேனல் இருந்தால் இந்தச் சோதனையை இரவில் செய்யுங்கள். பகலில் பேனல் தரும் மின்சாரம் கணக்கைக் குழப்பிவிடும். ஃபிரிட்ஜை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: பெரிய டிவி வாங்கிய பிறகு யூனிட் ஏறிவிட்டது

டிவியின் பின்பக்க லேபிளில் இருக்கும் வாட்டை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். அது உச்ச அளவு: முழு வெளிச்சம், முழு ஒலி, யூஎஸ்பி துளைகளில் முழுச் சுமை எல்லாம் சேர்ந்தது. 150 வாட் என்று எழுதிய டிவி சாதாரணமாகப் பார்க்கும்போது 80 வாட்டில் ஓடுவது சகஜம். எரிசக்தி லேபிளில் ‘1000 மணி நேரத்துக்கு இத்தனை கிலோவாட் மணி’ என்று போட்டிருந்தால் அந்த எண்ணையே சராசரி வாட் என்று கொள்ளலாம். 85 என்று இருந்தால் 85 வாட். ஐரோப்பாவில் 2021 முதல் வரும் லேபிளில் சாதாரணப் படத்துக்கும் எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும்) படத்துக்கும் தனித்தனி எண் இருக்கும். எச்டிஆர் எண் பெரும்பாலும் கணிசமாகக் கூடுதல்.

அளந்து பார்த்தால் பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் இவை. 32 அங்குல எல்ஈடி டிவி 30 முதல் 50 வாட். 43 அங்குலம் 60 முதல் 90. 55 அங்குல 4கே டிவி 80 முதல் 140. 65 அங்குலம் 100 முதல் 200. பழைய 21 அங்குலப் படக்குழாய் டிவி 60 முதல் 100 வாட் எடுத்தது. 42 அங்குல பிளாஸ்மா 200 வாட்டைத் தாண்டும். ஆக, பிளாஸ்மாவைக் கழித்துவிட்டு அதே அளவு எல்ஈடி வாங்கியவருக்கு யூனிட் குறைந்திருக்க வேண்டும். 32-லிருந்து 65-க்குப் போனவருக்கு ஏறத்தான் செய்யும். அங்குலம் இரண்டு மடங்கானால் திரையின் பரப்பு நான்கு மடங்கு ஆகிறது. அத்தனை பரப்பையும் அதே பளிச்சில் ஒளிர வைக்க ஒளி நான்கு மடங்கு வேண்டும். 4கே, 8கே என்று புள்ளிகள் நெருங்க நெருங்க எல்சிடி தகட்டின் வழியே கசிந்து வெளிவரும் ஒளி குறைகிறது. அதை ஈடுகட்ட பின்விளக்கு இன்னும் பலமாக எரிய வேண்டியிருக்கிறது.

இப்போது மாதக் கணக்கு. 40 வாட் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதம் 6 யூனிட். 100 வாட் டிவி என்றால் 15 யூனிட். டிவி மாற்றியதால் கூடியது 9 யூனிட் மட்டும். மாதத்துக்கு 60, 80 யூனிட் ஏறியிருந்தால் அதை டிவியின் தலையில் கட்ட முடியாது. வேறு என்னவெல்லாம் இழுக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 15 நிமிடம்: 0.5 யூனிட். மேலே சொன்ன 100 வாட் டிவியின் ஒரு நாள் செலவும் இதுவேதான்.
75 வாட் சீலிங் ஃபேன் 12 மணி நேரம்: 0.9 யூனிட்.
ஃபிரிட்ஜ் ஒரு நாள்: அளவையும் வயதையும் பொறுத்து 0.6 முதல் 1.5 யூனிட்.
ஏசி சராசரியாக 1 கிலோவாட்டில் 8 மணி நேரம்: 8 யூனிட். அதே டிவியை 80 மணி நேரம் பார்க்கலாம்.
1 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் அரை மணி நேரம்: சுமார் 0.5 யூனிட்.
1 லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைக்க: சுமார் 0.1 யூனிட்.

மூன்று அறையில் மூன்று பழைய ஃபேன் 12 மணி நேரம் சுற்றினால் மாதம் 81 யூனிட். ஒரு பெரிய டிவியின் செலவைப் போல ஐந்து மடங்கு. ஃபேனை யாரும் சந்தேகிப்பதே இல்லை. காந்த மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் 25 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும் என்பதால், குறைக்க நினைப்பவர்கள் டிவியை விட்டுவிட்டு இங்கே தொடங்குவது மேல்.

குளிர்காலத்தில் வாங்கிய டிவி என்றால் ஹீட்டரையும் கணக்கில் சேருங்கள். ஒருவர் 40 டிகிரியில் 20 லிட்டர் வெந்நீரில் குளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் 25 டிகிரியாக இருந்தால் 0.35 யூனிட் ஆகும். 15 டிகிரியாக இருந்தால் 0.58 யூனிட். நான்கு பேருக்கு மாதம் 42 யூனிட்டாக இருந்தது 70 யூனிட் ஆகிவிடும். யாரும் கூடுதல் நேரம் குளிக்கவில்லை, கூடுதல் தண்ணீர் பிடிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் குளிர்ந்தது, அவ்வளவுதான். ஆகவே போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

டிவிதான் காரணம் என்று அளவு சொன்னால், செட்டிங்ஸில் பேக்லைட்டை (பின்விளக்கை) குறையுங்கள். மெனுவில் ‘பிரைட்னஸ்’ என்று இருப்பது பல டிவிகளில் கறுப்பின் அடர்த்தியை மட்டும் மாற்றும். அதைக் குறைத்தால் படம் மங்கும், வாட் இறங்காது. பிளக் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எது வாட்டைக் குறைக்கிறதோ அதுதான் பேக்லைட். ‘விவிட்’, ‘டைனமிக்’ போன்ற பெயருள்ள பிக்சர் மோடை விட்டு ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ மோடுக்கு வந்தாலே பெரிய டிவியில் 30, 40 வாட் இறங்கலாம். பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு ‘ஸ்கிரீன் ஆஃப்’ வசதி உண்டு. ஒலி மட்டும் ஓட 20 வாட் அளவில் போதும்.

அறிகுறி: ரிமோட்டில் அணைத்த பிறகும் பிளக் மீட்டர் 10, 20 வாட் காட்டுகிறது

அணைந்த டிவி அரை வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 1999-ல் சர்வதேச எரிசக்தி முகமை ‘ஒரு வாட்’ இலக்கை முன்வைத்த காலத்தில் பல சாதனங்கள் அணைந்த நிலையிலேயே பல வாட் எடுத்துக்கொண்டிருந்தன. ஐரோப்பிய விதி 2013-ல் அதை 0.5 வாட்டாக இறுக்கியது. இன்றைய டிவிகளின் மின்பகுதி இந்த அளவை எளிதில் எட்டும். எட்டவில்லை என்றால் ஏதோ ஒரு வசதி டிவியை முழுதாகத் தூங்க விடவில்லை.

முதலில் அரை மணி நேரம் பொறுங்கள். அணைத்தவுடன் மென்பொருள் புதுப்பிப்பு, நிகழ்ச்சி அட்டவணை இறக்கம் போன்ற வேலைகளை டிவி முடித்துக்கொள்ளும். ஓஎல்ஈடி (பின்விளக்கே இல்லாத திரை) டிவியாக இருந்தால், மொத்தமாக நான்கு மணி நேரம் அளவுக்குப் பார்த்து முடித்தபின் அணைக்கும்போது திரையைச் சமன்செய்யும் வேலை சில நிமிடங்கள் ஓடும். அந்த நேரத்தில் சுவர் சுவிட்சை அணைப்பது தவறு. இந்த வேலை நடக்காமலே போனால் சேனல் முத்திரை போன்ற நிழல்கள் திரையில் தங்கத் தொடங்கும்.

அரை மணி நேரம் கழித்தும் இறங்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்:

‘குயிக் ஸ்டார்ட்’, ‘இன்ஸ்டன்ட் ஆன்’ என்ற பெயரில் இருப்பதை அணையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி இதுதான். சில வினாடி முன்னதாகப் படம் வருவதற்காக உள்ளிருக்கும் கம்ப்யூட்டரை விழிப்பிலேயே வைத்திருக்கிறது. 15 வாட் வீதம் 19 மணி நேரம் இப்படி இருந்தால் மாதம் 8.5 யூனிட். 100 வாட் டிவியை ஒரு மாதம் முழுக்கப் பார்க்கும் செலவில் பாதிக்கு மேல்.

குரலால் எழுப்பும் வசதி, போனிலிருந்து நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி இரண்டையும் தேவையில்லை என்றால் அணையுங்கள்.

படச்சட்டம் போல ஓவியமோ புகைப்படமோ காட்டும் நிலையில் டிவி இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டின் பவர் பட்டனை ஒருமுறை தட்டினால் சில டிவிகள் அந்த நிலைக்குத்தான் போகும். பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் உண்மையில் அணையும்.

எச்டிஎம்ஐ வழியாக ஒன்றையொன்று எழுப்பும் வசதி. செட்டாப் பாக்ஸோ கேம் கன்சோலோ நடுராத்திரியில் தன் வேலைக்காக விழித்து டிவியையும் எழுப்பிவிடும். காலையில் டிவி தானே ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இதைச் சந்தேகிக்கலாம்.

எல்லாம் சரி, டிவி 0.4 வாட்டில் அடங்கிவிட்டது, ஆனால் மல்டிபிளக்கை மொத்தமாக அளந்தால் இன்னும் 25 வாட் என்றால், டிவியின் துணைச் சாதனங்களைத் தனித்தனியாக அளக்க வேண்டும். செட்டாப் பாக்ஸில் இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. பழைய பாக்ஸ்கள் பலவற்றில் ரிமோட்டில் அணைத்தால் முகப்பு விளக்கின் நிறம் மாறும், படம் நிற்கும், உள்ளே எல்லாம் அப்படியே ஓடும். ஓடும்போது 13 வாட், அணைத்தால் 12 வாட். தொட்டுப் பார்த்தாலே சூடு சொல்லிவிடும். 12 வாட் வீதம் மாதம் 8.6 யூனிட், தினம் 5 மணி நேரம் ஓடும் 32 அங்குல டிவியைவிட அதிகம். பதிவு செய்யும் ஹார்டு டிஸ்க் உள்ள பாக்ஸ் இன்னும் கூட எடுக்கும்.

பாக்ஸின் மெனுவில் ‘ஆழ்ந்த தூக்கம்’ அல்லது ‘ஈகோ ஸ்டாண்ட்பை’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பாக்ஸ், சவுண்ட்பார், கன்சோல் மூன்றையும் சுவிட்ச் உள்ள ஒரு மல்டிபிளக்கில் சேர்த்து இரவில் அணையுங்கள். டிவியைத் தனி பாயிண்டில் விட்டுவிடுங்கள், ஓஎல்ஈடி என்றால் கட்டாயமாக. பதிவுக்கு நேரம் குறித்து வைத்திருக்கும் பாக்ஸையும் அணைக்க முடியாது.

டிவிக்கு ஸ்டெபிலைசர் போட்டிருந்தால் அதையும் அளங்கள். டிவி அணைந்திருந்தாலும் அதன் டிரான்ஸ்ஃபார்மர் 5 முதல் 15 வாட் வரை சூடாக்கி வீணடிக்கும். டிவியின் லேபிளில் ‘100–240 வோல்ட்’ என்று இருந்தால் அந்த எல்லைக்குள் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை டிவியே சமாளித்துக்கொள்ளும், ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. இடி மின்னலுக்கான சர்ஜ் பாதுகாப்பு வேறு விஷயம், அது இருக்கட்டும்.

அறிகுறி: பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாட் 60-க்கும் 180-க்கும் நடுவே தாவுகிறது

கோளாறு இல்லை. ஓஎல்ஈடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் இருண்ட காட்சியில் வாட் சரியும், பனிமலையோ கிரிக்கெட் மைதானமோ வந்தால் ஏறும். பகுதி பகுதியாக மங்கும் பின்விளக்கு கொண்ட எல்சிடி டிவியிலும் இதே கதை. எச்டிஆர் படம் தொடங்கியவுடன் பின்விளக்கு உச்சத்துக்குப் போவதால் ஒரே டிவியில் இரண்டு மடங்கு வரை ஏறுவதைப் பார்க்கலாம். இத்தகைய டிவியில் கணநேர வாட்டை நம்பாமல், பிளக் மீட்டரில் ஒரு வாரத்து யூனிட்டைச் சேர்த்து ஏழால் வகுங்கள். பகுதி மங்கல் இல்லாத சாதாரண எல்ஈடி டிவி எந்தக் காட்சிக்கும் ஏறக்குறைய ஒரே வாட்டில் நிற்கும்.

அறிகுறி: பேக்லைட்டைக் குறைத்தாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது

டிவி கடை மோடில் இருக்கிறது. முதன்முறை அமைக்கும்போது ‘வீடா, கடையா’ என்று கேட்டதற்குத் தவறான பதில் போயிருக்கும். அந்த மோடில் சில நிமிடத்துக்கு ஒருமுறை அமைப்புகள் தாமே உச்ச வெளிச்சத்துக்குத் திரும்பும். திரையோரத்தில் விளம்பர வரி வருவதும் அடையாளம். செட்டிங்ஸில் வீட்டு மோடுக்கு மாற்றினால் தீர்ந்தது. கடை மோடில் இல்லை என்றால், நீங்கள் மாற்றியது ஒரு எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும், அல்லது சாதாரணப் படத்துக்கு மட்டும் பதிவாகியிருக்கும். எச்டிஆர் படம் ஓடும்போது மெனுவைத் திறந்து அதற்கும் ஒருமுறை குறைக்க வேண்டும். அறை ஒளியை அளக்கும் சென்சார் இயங்கினால் பகலில் ஏறி இரவில் இறங்குவது இயல்பு. சென்சாருக்கு நேராக விளக்கு இருந்தால் இரவிலும் இறங்காது. விளக்கை நகர்த்துங்கள், சென்சாரை அணைக்காதீர்கள்.

அறிகுறி: கிளாம்ப் மீட்டர் கணக்கு 100 வாட், பிளக் மீட்டர் 60 வாட். எது சரி?

பிளக் மீட்டர்தான். ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஆம்பியரை மட்டும் அளக்கிறது. 230 வோல்ட்டை 0.45 ஆம்பியரால் பெருக்கினால் 103 வரும். அது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. 75 வாட்டுக்குக் கீழான டிவிகளில் பவர் ஃபேக்டரைச் சீர்செய்யும் சுற்று பெரும்பாலும் இருக்காது. காரணம், மின்னோட்டத்தின் வடிவச் சிதைவுக்கு (ஹார்மோனிக்) வரம்பு வைக்கும் சர்வதேசத் தரநிலை அந்த அளவுக்கு மேல்தான் டிவிகளைக் கட்டுப்படுத்துகிறது. பவர் ஃபேக்டர் 0.6 என்று வைத்தால் 103 என்பது 62 வாட்டாகிறது. வீட்டு மீட்டர் யூனிட்டாகக் கணக்கிடுவது இந்த 62-ஐத்தான். ஒயர் இரண்டையும் சேர்த்து கிளாம்பில் மாட்டினால் பூஜ்யம் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். விலை குறைந்த பிளக் மீட்டர்கள் 2, 3 வாட்டுக்குக் கீழே சரியாகக் காட்டாது. ஸ்டாண்ட்பையை அதில் பார்த்து 0 என்று வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: டிவியின் வாட் வழக்கத்தைவிடப் பாதிக்கும் கீழே போய்விட்டது

சிக்கனம் என்று மகிழ வேண்டாம். ஒலி வருகிறது, படம் இல்லை, 90 வாட் எடுத்த டிவி 25 வாட்டில் நிற்கிறது என்றால் பின்விளக்கு எரியவில்லை. இருட்டில் டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, எல்ஈடி பட்டையோ அதை ஓட்டும் சுற்றோதான் போயிருக்கிறது. வாட் 0.4-க்கும் 15-க்கும் நடுவே விட்டுவிட்டுத் துள்ளி, கூடவே ‘டிக் டிக்’ என்று ரிலே சத்தம் கேட்டால் மின்பகுதி எழும்ப முயன்று தோற்கிறது. உப்பிய மின்தேக்கி வழக்கமான காரணம். மூடியைக் கழற்றாதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அளந்த எண்ணை மெக்கானிக்கிடம் சொன்னால் அவருடைய வேலை பாதியாகும்.

பட்டை மாற்றிய பிறகு பேக்லைட்டை 70 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். மின்சாரம் குறைகிறது என்பதோடு, சூடு குறைந்து புதிய எல்ஈடிகள் நீண்ட நாள் உழைக்கும்.

அறிகுறி: டிவி குற்றமற்றது, ஆனால் யூனிட் ஏறிக்கொண்டே இருக்கிறது

எல்லாரும் தூங்கும் நேரத்தில் வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் சற்று நேரம் அணைத்துவிட்டு மின்னலை எண்ணுங்கள். எஞ்சியது 50 வாட் என்றால் நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட், எவருக்கும் பயன்படாமல் போகிறது. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் சாதனத்தையும் நொடியில் கணக்கிடலாம்.

பிறகு எம்சிபி (சுமை மிஞ்சினால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) பெட்டிக்குப் போய் ஒவ்வொரு எம்சிபியாக அணைத்து, ஒவ்வொரு முறையும் மின்னலை எண்ணுங்கள். எதை அணைத்தவுடன் மின்னல் சட்டென மந்தமாகிறதோ அந்த வட்டத்தில், அதாவது அந்த எம்சிபி மின்சாரம் தரும் பகுதியில், தேடுங்கள். வழக்கமாகச் சிக்குபவை: ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 10 முதல் 20 வாட், தூங்கவே போகாத மேசைக் கம்ப்யூட்டர், சிசிடிவி பதிவுப் பெட்டி, பேட்டரி பேக்கப் இன்வெர்ட்டர், குறிப்பாக வயதான பேட்டரி ஏறவே மாட்டேன் என்று சார்ஜிலேயே கிடப்பது, சேமிப்பு வாட்டர் ஹீட்டரை அணைக்க மறந்து அது இரவெல்லாம் ஆறிய வெப்பத்தை மீண்டும் மீண்டும் ஈடுகட்டுவது. கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க ஒரு முறை எண்ணினால் போதாது. ஹீட்டர் மணிக்கு சில நிமிடம்தான் ஓடும்; அதனால் இரவில் படுக்கும்போதும் காலையிலும் மீட்டர் அளவைக் குறித்துக் கழித்துப் பார்ப்பதே சரி.

கேம் கன்சோலில் படம் பார்க்கும் வழக்கம் இருந்தால் அதையும் இங்கே சேருங்கள். சிறிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் 2 முதல் 4 வாட்டில் செய்யும் வேலைக்குக் கன்சோல் 50 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதே படம், அதே திரை.

அறிகுறி: ஃபிரிட்ஜ் நிற்பதே இல்லை

ஃபிரிட்ஜைக் குறைந்தது 24 மணி நேரம் பிளக் மீட்டரில் விடுங்கள், 48 என்றால் இன்னும் நல்லது. கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும். நடுவே பனி உருக்கும் ஹீட்டர் 150 வாட்டுக்கு மேல் சில நிமிடம் எரியும். பத்து நிமிட அளவு எதையும் சொல்லாது. 100 வாட் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட்.

கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதில் நழுவி வரும் இடத்தில் குளிர் கசிகிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே பல சமயம் ஒட்டிக்கொள்ளும். வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பின்புறக் கம்பிவலையில் தூசி படிந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். சுவரிலிருந்து ஒரு கையகலமாவது தள்ளி வையுங்கள். உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் கழித்தல் 18 டிகிரி போதும். அதற்குக் கீழே வைத்தால் யூனிட்தான் போகும். பனி உருகாத ஃபிரிட்ஜில் பின்சுவரில் பனி தடித்துக் காற்று வழி அடைந்திருக்கும். பனி உருக்கும் ஹீட்டரையோ அதன் டைமரையோ பார்க்க ஆள் வர வேண்டும். அணைத்துவிட்டு மீண்டும் போடுவதற்குள் ஐந்து நிமிடம் கொடுங்கள். உடனே போட்டால் அழுத்தம் சமனாகாமல் கம்ப்ரஸர் திணறும்.

அறிகுறி: எல்லாவற்றையும் அணைத்தும் மீட்டர் மின்னுகிறது

எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. பிறகும் மின்னினால் மெயின் சுவிட்சை அணையுங்கள். நின்றுவிட்டால் வீட்டுக்குள் எங்கோ கசிவு அல்லது மறந்துபோன இணைப்பு. எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த வட்டம் என்று தெரிந்துவிடும். மெயினை அணைத்தும் மின்னினால் கோளாறு மீட்டரிலோ மெயினுக்கு முந்தைய ஒயரிலோ இருக்கிறது. அதை நீங்கள் தொடக்கூடாது. மின் வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

கசிவு என்றால் வாட்டர் ஹீட்டரின் சுருள், மோட்டாரின் ஒயர், ஈரம் இறங்கிய சுவர் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீட்டில் பெருங்கசிவு நீடிக்க வழியில்லை. 230 வோல்ட்டில் சுமார் 7 வாட் அளவை எட்டும் முன்பே அது விழுந்துவிடும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் 1 ஆம்பியர் கசிந்தாலும் எதுவும் விழாது. நாளுக்கு 5.5 யூனிட் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். அதைவிட, அந்த ஹீட்டருக்கு அடியில் ஈரக்காலோடு நிற்பவரின் உயிர் ஆபத்தில் இருக்கும். கசிவு உறுதியானால் அந்த எம்சிபியை அணைத்தபடியே வைத்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து இன்சுலேஷன் சோதனை முடிக்கும் வரை யாரும் போடாதபடி அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.